காய்ச்சல் வந்தால் எங்கே போவது? வடக்கு உகாண்டாவில் ஒரு மிஷன் ஹெல்த் சென்டர்

குலு, கிட்கும், படேர் பக்கம் போர்வெல் போடுகிற வண்டியோடு வேலைக்கு வரும் நம் ஆட்கள் வந்த அன்றைக்கே கேட்பது சிம் கார்டு எங்கே கிடைக்கும், அரிசி எங்கே கிடைக்கும் என்பதுதான். காய்ச்சல் வந்தால் எங்கே போவது என்ற கேள்வி இரண்டு மூன்று வாரம் கழித்து வரும், அதுவும் காய்ச்சலோடு சேர்ந்தே வரும். திருச்செங்கோட்டில் விசாவும் டிக்கெட்டும் கையில் கொடுத்து அனுப்புகிறவர்கள் இதைச் சொல்லி அனுப்புவதில்லை. இங்கே ரிக் மேனேஜராகச் சில வருஷம் ஓட்டிவிட்டேன். அதனால் எங்கள் கேம்ப் ஆட்கள் வழக்கமாகப் போகும் கத்தோலிக்க மிஷன் ஹெல்த் சென்டரைப் பற்றி எழுதி வைக்கிறேன், புதிதாக வருகிறவர்களுக்கு உதவும்.

பெயரையும் ஊரையும் எழுதவில்லை. நல்லதோடு குறையும் சொல்லப்போகிறேன். அங்கே வேலை செய்வதே பத்துப் பன்னிரண்டு பேர்தான். ஊரைச் சொன்னால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். வடக்கில் எந்த மிஷன் ஹெல்த் சென்டருக்குப் போனாலும் நான் சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும்.

ஹெல்த் சென்டர் வேறு, ஆஸ்பத்திரி வேறு. உகாண்டாவில் இதற்கு நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள். 2 என்றால் வெளிநோயாளிகளை மட்டும் பார்ப்பார்கள். 3 என்றால் பிரசவ அறை, லேப், படுக்க வைக்கச் சில கட்டில்கள் உண்டு. 4 என்றால் டாக்டரும் ஆபரேஷன் தியேட்டரும் இருக்க வேண்டும். அதற்கு மேலேதான் ஆஸ்பத்திரி. அரசாங்கமோ மிஷனோ, நம்பர் ஒன்றுதான். நான் சொல்லும் இடம் 3. அங்கே டாக்டர் கிடையாது. மூன்று வருஷ டிப்ளமா படித்த கிளினிக்கல் ஆபீசர்தான் நோயாளியைப் பார்ப்பார். நம் ஆட்களுக்கு இது சட்டென்று பிடிக்காது. "டாக்டரே இல்லாத இடத்துக்கு எதுக்குண்ணா கூட்டிட்டு வந்தீங்க?" என்று எங்கள் கம்ப்ரசர் ஆபரேட்டர் குளிர் நடுக்கத்திலும் என்னோடு சண்டை போட்டான். ஆனால் மலேரியாவைப் பொறுத்தவரை அந்த கிளினிக்கல் ஆபீசர் ஒரு மழைக்காலத்தில் பார்ப்பதை நாமக்கல்லில் ஒரு எம்.டி. டாக்டர் ஆயுசுக்கும் பார்த்திருக்க மாட்டார்.

உள்ளே நுழைந்தால் சுவரில் பெயின்டால் எழுதிய விலைப்பட்டியல் இருக்கிறது. இந்த இடத்தில் எனக்கு முதலில் பிடித்துப்போனது அதுதான். பெரியவர், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, பிரசவம், அட்மிஷன் என்று வரிவரியாக எழுதி, எதிரே ஷில்லிங் கணக்கு. நாங்கள் கடைசியாகப் போனபோது பெரியவருக்கு 10,000 ஷில்லிங். நம் பணத்துக்குச் சுமார் 250 ரூபாய். குழந்தைக்கு அதில் பாதி. பார்க்கிற கட்டணம், ரத்தப் பரிசோதனை, மாத்திரை எல்லாம் அந்தப் பணத்துக்குள்ளேயே. மூன்று மாத்திரை எழுதினாலும் பத்து எழுதினாலும் அதே தொகை. ஃபிளாட் ஃபீ என்கிறார்கள். கையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, போதும் என்றால் வரிசையில் நிற்கலாம். கோயம்புத்தூரில் என் மாமனாரை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, நாளைக்கு பில் எங்கே போய் நிற்குமோ என்று ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்த எனக்கு அந்தச் சுவரின் மதிப்பு தெரியும்.

பட்டியலின் கடைசி வரி வெளிநாட்டவருக்கு. அது இரண்டு மடங்கு. அதில் எனக்கு வருத்தமில்லை, கம்பெனிதான் கட்டுகிறது.

இந்தக் கட்டணம் எதற்கு என்று இங்கே எல்லோரும் கேட்பார்கள், ஏனென்றால் அரசாங்க ஹெல்த் சென்டரில் பணமே கிடையாது. 2001-ல் அரசாங்கம் தன் ஆஸ்பத்திரிகளில் கட்டணத்தை எடுத்துவிட்டது. மிஷன்காரர்களால் அப்படி எடுக்க முடியவில்லை. அரசாங்கம் அவர்களுக்கும் ஒரு மானியம் தருகிறது, ஆனால் அதை வைத்து சம்பளமும் மருந்தும் ஓட்ட முடியாது. கம்பாலாவில் உகாண்டா கத்தோலிக்க மெடிக்கல் பியூரோ என்று ஒன்று இருக்கிறது, கத்தோலிக்க ஆஸ்பத்திரிகளுக்கும் ஹெல்த் சென்டர்களுக்கும் அதுதான் தலைமை அலுவலகம் மாதிரி. கட்டணத்தை எடுக்க முடியாவிட்டால் குறையுங்கள், ஒரே தொகையாக்குங்கள் என்று அவர்கள் அந்தக் காலத்திலிருந்து சொல்லிவருகிறார்கள். அந்தச் சுவர் எழுத்து அங்கிருந்து வந்ததுதான்.

சரி, ஓசியில் கிடைப்பதை விட்டுவிட்டு எதற்குக் காசு கொடுத்துப் போக வேண்டும்? இதற்குப் பதில் மருந்து அலமாரியில் இருக்கிறது.

அரசாங்க ஹெல்த் சென்டருக்கு மருந்து தேசிய மருந்துக் கிடங்கிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வண்டியில் வந்து இறங்கும். இறங்கிய வாரம் எல்லாம் இருக்கும். நாள் போகப் போக ஒவ்வொன்றாகத் தீரும். மழைக்காலத்தில் மலேரியா மாத்திரைதான் முதலில் தீரும். அப்புறம் நர்ஸ் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து வெளியே வாங்கிக்கொள்ளச் சொல்வார். வெளியே என்றால் டிரேடிங் சென்டரில், அதாவது கடைத்தெருவில் இருக்கும் டிரக் ஷாப் என்கிற மருந்துக் கடை, அங்கே விலை கடைக்காரர் சொன்னதுதான். ஆக ஓசி என்று போனவர் முடிவில் கூடுதலாகச் செலவழித்துத் திரும்புவார். அந்த நர்ஸ்களைக் குறை சொல்ல மாட்டேன். இல்லாத மருந்தை அவர்கள் எங்கே போய் எடுப்பார்கள்?

மிஷன் ஹெல்த் சென்டருக்கு வேறு வழி இருக்கிறது. கம்பாலாவில் ன்சாம்ப்யா என்ற இடத்தில் ஜாயின்ட் மெடிக்கல் ஸ்டோர் இருக்கிறது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்ட்காரரும் சேர்ந்து 1979-ல் ஆரம்பித்தது. கோயில் விஷயத்தில் சேராதவர்கள் மாத்திரை விஷயத்தில் சேர்ந்துகொண்டார்கள் என்று எங்கள் டிரைவர் கிண்டல் செய்வான், அவன் பெந்தெகொஸ்தே. தீரப்போகிறது என்று தெரிந்ததும் இன்சார்ஜ் சிஸ்டர் அங்கே ஆர்டர் போட்டுவிடுவார். ஆர்டர் போடப் பணம் வேண்டும். அந்தப் பணம் நாம் கவுன்ட்டரில் கட்டுகிற 10,000 ஷில்லிங்தான். நான் போன தடவைகளில் மலேரியா மாத்திரை இல்லை என்ற பதில் ஒருமுறைகூட வரவில்லை. அட்டையில் பச்சை இலைப் படம் போட்டிருக்கும், மானிய விலைச் சரக்குக்கு அது அடையாளம். திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் நம் ஊர்க் கம்பெனித் தயாரிப்பாக இருக்கும்.

நடைமுறை இப்படி. வரும்போது ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கி வர வேண்டும். வாசலில் ஒரு கிழவி வாழைப்பழத்தோடு நோட்டும் விற்பார். 32 பக்க நோட்டு, மேல் அட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு. அதுதான் உங்கள் கேஸ் ஷீட். பெயர், வயசு, எடை, என்ன தொந்தரவு, என்ன ரிசல்ட், என்ன மருந்து எல்லாம் அதில் எழுதி உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். அடுத்த தடவை மறக்காமல் கொண்டுவர வேண்டும். கிராமத்துப் பெண்கள் இதை பாலித்தீன் பையில் சுற்றி, கூரையில் செருகி, ரேஷன் கார்டைப் போலப் பாதுகாப்பார்கள். ஒரு பெண்ணின் நோட்டை வரிசையில் எட்டிப் பார்த்தேன். நாலு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே நோட்டு, பிள்ளைக்கு எட்டுப் பக்கம் என்று கோடு கிழித்துப் பிரித்திருந்தார். நம் ஆட்கள் ஆறு மாதத்துக்கு ஒரு நோட்டைத் தொலைத்துவிட்டுப் புதிது வாங்குவார்கள்.

காலையில் முதலில் ஜெபம், பிறகு ஒரு நர்ஸ் எழுந்து கொசுவலை, கை கழுவுவது, தடுப்பூசி என்று இந்தப் பக்கத்து மொழியான அச்சோலியில் பேசுவார். ஜெபத்துக்கு எழுந்து நிற்காவிட்டாலும் யாரும் முறைப்பதில்லை. எந்த மதம் என்று எங்களை யாரும் கேட்டதில்லை. கேம்ப்பில் இருக்கும் முஸ்லிம் வெல்டரும் பல்வலி என்றால் அங்கேதான் போவான், பல் பிடுங்கத் தெரிந்த ஆள் மாதத்தில் ஒரு நாள் வருவார்.

இனி ராத்திரி விஷயம். என் கணக்கில் இந்த இடத்துக்கு மார்க் கூடுவது இதனால்தான்.

சண்டை போட்டானே அந்த கம்ப்ரசர் ஆபரேட்டர், எடப்பாடிப் பையன். பகலில் டிரக் ஷாப்பில் ஏதோ மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறான். போட்டதெல்லாம் வாந்தி. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் பேச்சு குழறியது. வண்டியில் போட்டுக்கொண்டு போனோம். கேட்டில் அஸ்காரி, அதாவது வாட்ச்மேன், டார்ச் அடித்து முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் திறந்தான். விழித்திருந்தது ஒரு மிட்வைஃப் மட்டும்தான், பிரசவ அறையில் ஒரு பெண் வலியோடு இருந்தார். அவர் எங்களைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அஸ்காரியை அனுப்பினார். கிளினிக்கல் ஆபீசர் சட்டையைப் பொத்தான் போட்டுக்கொண்டே வந்துவிட்டார். ஊழியர் வீடுகள் எல்லாம் காம்பவுண்டுக்குள்ளேயே இருக்கின்றன. மிஷன் இடங்களில் ராத்திரி ஆள் கிடைப்பதற்கு பக்தியெல்லாம் காரணம் என்று நான் நினைக்கவில்லை. வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், அதனால் ஆள் இருக்கிறார்.

விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம், டெஸ்ட் பட்டையில் இரண்டு கோடு, மலேரியாதான். சர்க்கரையும் பார்த்தார். அந்த நிலைமையிலும் பையனை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து எடை மெஷினில் ஏற்றச் சொன்னார். எதற்கு இந்தப் பாடு என்று எனக்கு எரிச்சல். ஊசி எடைக்குத் தக்கபடிதானாம், கிலோவுக்கு 2.4 மில்லிகிராம். ஆர்டிசுனேட் என்ற அந்த மருந்து சின்னக் குப்பியில் வெள்ளைப் பொடியாக இருக்கிறது. கூடவே வரும் சோடா பைகார்பனேட்டை ஊற்றி, குப்பியை விளக்குக்கு நேரே பிடித்துக் கலக்கினார். பொடி முழுக்கக் கரைந்து தண்ணீர் மாதிரி தெளிகிற வரைக்கும் அவசரப்படவில்லை. பிறகு சலைன் சேர்த்து, நரம்பில் மெதுவாக ஏற்றினார். கலக்கிய மருந்தை ஒரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், மிச்சத்தை வைத்துக்கொள்ளக் கூடாது. அடுத்த ஊசி 12 மணி நேரம் கழித்து, அதற்கடுத்தது 24-ஆவது மணிக்கு. நோட்டில் மூன்று நேரத்தையும் எழுதி வட்டம் போட்டார். மறுநாள் பகல் ஷிப்ட் நர்ஸ் அந்த வட்டத்தைப் பார்த்துக் கரெக்டாக வந்து நின்றார். மறுநாள் சாயங்காலம் பையன் ரசம் கேட்டான்.

தேறி எழுந்ததும் மாத்திரைக்கு மாற்றுவார்கள். வேளைக்கு நாலு, ஒரு நாளைக்கு இரண்டு வேளை, மூன்று நாளைக்கு மொத்தம் 24. எண்ணெய், நெய் இருக்கிற சாப்பாட்டோடு போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. காய்ச்சல் விட்டதும் நம் ஆட்கள் மிச்சத்தைப் பையில் போட்டு வைத்துக்கொள்வார்கள், அடுத்த காய்ச்சலுக்கு ஆகுமாம். அந்த நர்ஸுக்கு இது தெரிந்திருந்தது. வெறும் அட்டையைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார்.

தங்கும் வசதி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ரெக்ஸின் உறை போட்ட மெத்தை, மேலே கொசுவலை. பெட்ஷீட், பேசின், பிளாஸ்க், டம்ளர் எல்லாம் நாம்தான் கொண்டுபோக வேண்டும். சாப்பாடு கிடையாது. நோயாளியோடு வரும் அட்டென்டன்ட் பின்னால் இருக்கும் ஷெட்டில் விறகு வைத்துச் சமைத்துக்கொள்ள வேண்டும். எங்களிடம் பாத்திரமும் இல்லை, சமைக்கத் தெரிந்தவனும் இல்லை. பக்கத்துக் கட்டில் குழந்தையின் பாட்டி கேட்காமலேயே ஒரு தட்டில் போட்டுக் கொடுத்தார். மலக்வாங் என்ற புளிப்புக் கீரையை வேர்க்கடலை விழுதில் கடைந்தது, தொட்டுக்கொள்ள கேழ்வரகும் மரவள்ளி மாவும் சேர்த்துக் கிண்டிய களி. கீரை நம் புளிச்சக்கீரையின் சொந்தம்தான். அந்த ஷெட் சமையலை இந்த விமர்சனத்தில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை, ஆனால் நான் இந்த நாட்டில் சாப்பிட்டதில் முதல் மூன்றுக்குள் வரும்.

இனிக் குறைகள்.

முதல் குறை, நான் மேலே புகழ்ந்த அதே கட்டணம். 10,000 ஷில்லிங் எனக்கு ஒன்றுமில்லை. நிலத்தைக் கொத்தி எள்ளும் நிலக்கடலையும் போடுகிற குடும்பத்துக்கு மழைக்காலத்தில் கையில் ஒரு காசும் இருக்காது. அறுவடை முடிந்துதான் பணம். மலேரியா உச்சத்துக்குப் போவதும் அதே மழைக்காலத்தில்தான். அதனால் பணம் புரட்டுகிற வரைக்கும் குழந்தையை வீட்டிலேயே வைத்துப் பார்க்கிறார்கள். சில குழந்தைகள் மூச்சு வாங்குகிற நிலைமையில்தான் அங்கே வந்து சேர்கின்றன. சிஸ்டரிடம் கேட்டேன். இழுப்பறையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துக் காட்டினார், கடன் கணக்கு. கோழியாகக் கொடுத்தது, எள்ளாகக் கொடுத்தது, அறுவடைக்குத் தருகிறேன் என்று போனது எல்லாம் இருந்தது. பாதிக்கு மேல் வராது என்று அவரே சொன்னார். யாரையும் திருப்பி அனுப்புவதில்லை என்றார், நான் பார்த்தவரை அது உண்மை. ஆனால் அந்த நோட்டைப் பற்றித் தெரியாமல், சுவரில் எழுதியிருப்பதை மட்டும் கேள்விப்பட்டு வராமலே இருப்பவர்களை யார் கணக்கெடுப்பது? "பணம் இல்லாவிட்டாலும் வாருங்கள்" என்று அதே சுவரில் ஒரு வரி எழுதலாமே என்றேன். எழுதினால் யாருமே கட்ட மாட்டார்கள், அப்புறம் அலமாரி காலி என்றார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் குழந்தைகளுக்காவது மழைக்காலத்தில் அந்தப் பணத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்பது என் கட்சி.

தடுப்பூசி, எச்ஐவி மருந்து, காசநோய் மருந்து மூன்றும் இங்கேயும் இலவசம்தான். அவை அரசாங்கத் திட்டங்களின் கீழ் வருகின்றன. தடுப்பூசி நாளன்று மாமரத்தடியில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் கட்டணம் இல்லையென்றால் எத்தனை பேர் வருவார்கள் என்பது புரியும்.

இரண்டாவது, ஆட்கள் நிற்பதில்லை. நல்ல லேப் பையன் ஒருவன் இருந்தான், மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தால் பத்து நிமிஷத்தில் முடிவு சொல்வான். அரசாங்க வேலை கிடைத்தது, போய்விட்டான். அங்கே சம்பளம் அதிகம், ஓய்வூதியமும் உண்டு. யார்தான் போக மாட்டார்கள்? புது ஆள் வருகிற வரை லேப் பூட்டிக் கிடந்தது, மலேரியா பட்டை டெஸ்ட்டோடு சரி. மிஷன் இடங்களில் இது ஒரு தீராத தலைவலி. படிக்க வைத்துப் பழக்கிவிடுவது இவர்கள், பலன் அடைவது வேறு இடம்.

மூன்றாவது, குடும்பக் கட்டுப்பாடு. கத்தோலிக்க இடம் என்பதால் ஊசி, மாத்திரை, காண்டம் எதுவும் கிடையாது. நாள் கணக்குப் பார்க்கிற முறையை மட்டும் சொல்லித் தருவார்கள். எங்கள் கேம்ப்பில் சமைக்கிற அம்மாவுக்கு ஆறு பிள்ளைகள். பிரசவம் எல்லாம் சிஸ்டர்களிடம்தான், அவர்களைத் தவிர யாரையும் நம்ப மாட்டார். ஆனால் மூன்று மாத ஊசிக்கு மட்டும் அரசாங்க ஹெல்த் சென்டருக்குப் பாதி நாள் நடந்து போகிறார். பிரசவம் பார்த்த கையே அந்த ஊசியையும் போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. சிஸ்டர்களிடம் இதைப் பேசவில்லை, பேசினாலும் மாறப்போவதில்லை. ஆனால் பெண்கள் யாராவது இதைப் படித்தால் முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும்.

நாலாவது தண்ணீர். இதைப் பற்றி மட்டும் நான் அதிகாரத்தோடு பேசலாம். காம்பவுண்டில் ஒரு கைப்பம்பு இருக்கிறது, இங்கே யூ2 என்பார்கள். நம் ஊர் இந்தியா மார்க் 2 பம்புதான் அது. பக்கத்துப் பள்ளிக்கூடமும் அதில்தான் தண்ணீர் பிடிக்கிறது. தண்ணீர் செம்மண் நிறத்தில் வருகிறது, துணி கறைபடுகிறது என்று சிஸ்டர் சொன்னதும் என்ன என்று புரிந்துவிட்டது. பைப்பைக் கழற்றி மேலே எடுத்தால் ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு, அங்கங்கே அரித்து சல்லடை. இந்தப் பக்கத் தண்ணீரில் அமிலத்தன்மை அதிகம், ஜி.ஐ. தாங்காது. 2016-லேயே அரசாங்கம் அதைப் போடாதே என்று சொல்லிவிட்டது, இது அதற்கு முன்னால் போட்டது. கம்பெனியிடம் பேசி ஸ்டெயின்லெஸ் பைப் போட்டுக் கொடுத்தோம். இன்னொரு பக்கம் யாரோ வெளிநாட்டு நன்கொடையில் சோலார் மோட்டாரும் டேங்கும் வைத்திருக்கிறார்கள். டேங்க் ஸ்டாண்டின் உயரம் போதாது. லேப் குழாயில் தண்ணீர் கொட்டுகிறது, கொஞ்சம் மேட்டில் இருக்கிற பிரசவ அறைக் குழாயில் சொட்டுகிறது. மிட்வைஃப் ஜெர்ரி கேனில் தண்ணீர் தூக்குகிறார். பிரசவ அறையில் தண்ணீர் இல்லாமல் திறப்பு விழாக் கல்வெட்டு மட்டும் பளபளவென்று இருப்பதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வரும். நன்கொடை கொடுப்பவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், ஸ்டாண்டை ஒன்றரை மீட்டர் உயர்த்த யாரும் பணம் தருவதில்லை.

ஆம்புலன்ஸும் ஒரு குறைதான். பழைய பிக்கப், டீசல் பணத்தை முதலில் கட்டினால்தான் கிளம்பும். எங்கள் ஹெல்பர் பையன், உள்ளூர் அச்சோலி, போர்வெல்லுக்குள் இறக்குகிற கேசிங் பைப்புக்கு நடுவே கையைக் கொடுத்துவிட்டான். ரத்தத்தை நிறுத்திக் கட்டுப்போட்டு, இது எங்களால் ஆகாது என்று உடனே ரெஃபர் செய்தார்கள். ஆகாததை ஆகாது என்று சொன்னதற்கு ஒரு மார்க் தர வேண்டும். டீசல் பேச்சுக்கு நேரமில்லாமல் எங்கள் வண்டியிலேயே லாச்சோர் கொண்டுபோனோம்.

லாச்சோர் செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரி குலு நகரத்துக்குச் சற்று வெளியே இருக்கிறது. அதைத் தனியாக விமர்சனம் செய்யத் தேவையில்லை, வடக்கில் யாரைக் கேட்டாலும் அங்கே போ என்றுதான் சொல்வார்கள். கொம்போனி என்ற கத்தோலிக்க சபையின் மிஷனரிகள் 1959-ல் ஆரம்பித்த சின்ன ஆஸ்பத்திரி. 1961-ல் பியரோ கோர்ட்டி என்ற இத்தாலிய டாக்டரும் லூசில் டீஸ்டேல் என்ற கனடா நாட்டு சர்ஜனும் வந்தார்கள், கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே இருந்துவிட்டார்கள். சண்டையில் அடிபட்டு வந்தவர்களுக்கு ஆபரேஷன் செய்தபோது லூசிலுக்கு எச்ஐவி தொற்றியது. 1996-ல் இறந்தார். கலகக்காரர்களின் சண்டை நடந்த வருஷங்களில் பிள்ளைகளைத் தூக்கிப் போய்விடுவார்கள் என்று பயந்து, பொழுது சாய்ந்ததும் ஆயிரக்கணக்கானவர்கள் பாயோடு வந்து ஆஸ்பத்திரி காம்பவுண்டுக்குள் படுத்துக்கொண்டார்கள். எங்கள் ஹெல்பர் பையனின் அம்மாவும் அப்படிப் படுத்துத் தூங்கியவர்தான். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் யாரிடமும் வழி கேட்காமல் நேராக சர்ஜரி பக்கம் நடந்தார், நாங்கள் அவர் பின்னால் போனோம்.

2000-ல் குலுவில் எபோலா வந்தபோது அந்த ஆஸ்பத்திரியை நடத்தியவர் மாத்தியூ லுக்வியா, இந்த மண்ணின் டாக்டர். நர்சிங் மாணவிகள் வரிசையாக இறப்பதைப் பார்த்து, இது சாதாரண நோய் இல்லை என்று மேலிடத்துக்குச் சொன்னவர் அவர்தான். அந்தத் தடவை 425 பேருக்கு வந்து 224 பேர் இறந்தார்கள். ஆஸ்பத்திரி ஊழியர்களே பலர் போனார்கள். லுக்வியாவும் டிசம்பர் 5 அன்று போய்விட்டார். லூசில், பியரோ, லுக்வியா மூவருக்கும் சமாதி அந்தக் காம்பவுண்டுக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் ஹெல்பர் பையனுக்கு இரண்டு விரல் போனது, கை தப்பியது.

அகாகோ மாவட்டத்துப் பக்கம் வண்டி போட்டிருப்பவர்கள் லாச்சோர் வரை வர வேண்டியதில்லை, கலோங்கோவில் டாக்டர் அம்ப்ரோசோலி ஆஸ்பத்திரி இருக்கிறது. அதுவும் கத்தோலிக்க மிஷன்தான். அம்ப்ரோசோலி பாதிரியாராகவும் சர்ஜனாகவும் இருந்தவர். 1987-ல் சண்டைக்கு நடுவே ராணுவம் ஆஸ்பத்திரியைக் காலி செய்ய வைத்தது. அடுத்த மாதமே லிராவில் அவர் இறந்துபோனார். ஆஸ்பத்திரி பிறகு திறந்தது, 2022-ல் அவருக்கு, புனிதருக்கு முந்தைய படியான அருளாளர் பட்டமும் கிடைத்தது.

எங்கள் ஹெல்த் சென்டருக்கு வருகிறேன். ஐந்துக்கு நாலு கொடுப்பேன். குறைந்த ஒன்றில் பாதி பிரசவ அறைக் குழாய்க்கு, பாதி மழைக்காலக் கட்டணத்துக்கு.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். திங்கள்கிழமை போகாதீர்கள், சந்தைக் கூட்டமும் ஞாயிற்றுக்கிழமை தள்ளிப்போட்ட நோயும் சேர்ந்து வரும், மத்தியானம் ஆகிவிடும். அவசரம் இல்லையென்றால் புதன், வியாழன் நல்லது. ஞாயிறு காலை பூசை நேரத்தில் கவுன்ட்டர் மூடியிருக்கும், ஆனால் பிரசவ அறைப் பக்கத்துக் கதவைத் தட்டினால் ஆள் வரும். காய்ச்சல் அடித்த அன்றைக்கே போங்கள், டிரக் ஷாப் ஊசி வேண்டவே வேண்டாம். பழைய நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். படுக்க வேண்டி வரும் என்று தோன்றினால் பெட்ஷீட், பேசின், ஒரு பாத்திரம், அரை லிட்டர் எண்ணெய். பகலில் மொபைல் மணி, அதாவது போன் வழியாக அனுப்புகிற பணம், வாங்குவார்கள். ராத்திரியில் டவர் போய்விடும், அதனால் சில்லறையாக ஷில்லிங் வைத்துக்கொள்ளுங்கள். 50,000 நோட்டை நீட்டினால் மிட்வைஃபிடம் சில்லறை இருக்காது, மீதிக்கு மறுநாள் வரவேண்டியிருக்கும். வந்தால் தருவார்கள், ரசீது போட்டே தருவார்கள்.